மர்சூக் சொன்ன பகிடிகள்

றுக்ஸானா பஞ்சைத் தண்ணீரில் நனைத்து உம்மாவின் உதடுகளில் ஒற்றிக்கொண்டிருந்தாள். வாப்பா கதிரையை இழுத்துக் கட்டிலோடு ஒட்டிப் போட்டு உட்கார்ந்தார். தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்தார். பிறகு தொண்டையைச் செருமினார்.

அந்தச் செருமல் அந்த வீட்டில் எல்லோருக்கும் பழகியது. வாப்பா பகிடி சொல்லப் போகிறார்.

"வாப்பா, இன்டைக்கு வேணாமே," என்றாள் றுக்ஸானா மெல்ல. "உம்மா களைச்சுப் போய் ஈக்கிறாங்க."

"உம்மா வேணாமெண்டு சொன்னாவா?"

உம்மா கண்ணைத் திறக்கவில்லை. ஆனால் போர்வைக்கு வெளியே கிடந்த கையில் சுட்டுவிரல் மட்டும் லேசாக எழும்பி விழுந்தது. வாப்பா அதைப் பார்த்துவிட்டார். மகளை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்தார். அவள் பஞ்சுக் கோப்பையை எடுத்துக்கொண்டு விலகி நின்றாள்.

சுபஹுத் தொழுகை முடிந்து வெளிச்சம் நன்றாக வந்திருந்தது. வரக்காமுறையில் அந்த நேரத்துக்கு எப்போதும் இருக்கிற பனிப்புகார் கராம்பு மரங்களுக்குள் இன்னும் கலையாமல் நின்றது. கட்டிலை முன் ஹோலுக்குக் கொண்டுவந்து போட்டதே உம்மா கேட்டுத்தான். றோட்டில் போகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருக்கலாம் என்றாள். கடைசி வாரத்தில் அவளால் தலையைத் திருப்பவும் முடியவில்லை. போகிறவர்கள்தான் நின்று அவளைப் பார்த்துவிட்டுப் போனார்கள். நேற்று மாலையிலிருந்து மூச்சு விட்டு விட்டு வந்தது. ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் இடையில் வீடே காத்திருந்தது.

"லக்கலயில ஒரு ஆள்," என்று வாப்பா தொடங்கினார்.

*

இந்த மனிதர் பகிடி சொல்வார் என்று இரண்டு வருஷத்துக்கு முன் யாராவது சொல்லியிருந்தால் உக்குவளைச் சந்தியே சிரித்திருக்கும்.

மர்சூக் ஹாஜியாருக்கு மிளகு, கராம்பு, சாதிக்காய் வியாபாரம். சந்தியில் கடை. தோட்டக்காரர்கள் சாக்கை இறக்கினால் அவர் ஒரு பிடி மிளகை அள்ளுவார், ஒன்றைப் பல்லில் வைத்துக் கடிப்பார், "ஈரம்" என்பார். அல்லது "காஞ்சிரிக்கி" என்பார். அதற்குமேல் அவரிடமிருந்து சொல் வராது. பேரம் பேச வந்தவர்களே தாங்களாகப் பேசித் தாங்களாக இறங்கி வருவார்கள். வீட்டிலும் அப்படித்தான். அவருடைய செருப்புச் சத்தம் வாசலில் கேட்டால் றுக்ஸானாவும் அவளுக்கு மூத்த நானா இப்திகாரும் டீவியை நிறுத்திவிட்டுப் புத்தகத்தை எடுப்பார்கள். அவர் யாரையும் அடித்ததில்லை, ஏசியதும் குறைவு. ஆனாலும் அவர் சாப்பிட்டு எழும்பும் வரை மேசையில் கறிக்கோப்பையின் கரண்டிச் சத்தம் மட்டும்தான்.

உம்மா நூருன்னிஸா அதற்கு நேர்மாறு. அடுப்படியில் நின்றுகொண்டு பக்கத்து வீட்டோடு கதைப்பாள், மீன்காரனோடு கதைப்பாள், யாருமில்லையென்றால் பூனையோடு கதைப்பாள்.

மார்பில் கட்டி என்று தெரிந்து, வெட்டியெடுத்து, கண்டியில் மருந்து ஏத்தத் தொடங்கியபோது அந்தக் கதையெல்லாம் நின்றுபோனது. முதல் தடவை ஊசி குத்தி, சேலைன் போத்தலை மேலே தொங்கவிட்டதும் உம்மாவின் கால் நடுங்கத் தொடங்கியது. போர்வை போட்டும் நடுக்கம் நிற்கவில்லை. வாப்பா பக்கத்தில் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். வாட்டில் இருந்த நர்ஸ் மிஸ் வயதானவர். அவர் வாப்பாவைப் பார்த்துச் சிங்களத்தில் சொன்னார், "ஐயா இப்படி மரம் மாதிரி நின்றால் நோனா பயப்படுவார். அவரைச் சந்தோஷமாக வைத்திருக்க வேண்டும். பாதி மருந்து நாங்கள் தருவோம். மிச்சம் நீங்கள்தான்."

வேறு யாராவது கேட்டுத் தலையாட்டிவிட்டு மறந்திருப்பார்கள். வாப்பா அதை மருந்துச்சீட்டு போல எடுத்துக்கொண்டார். காலையும் இரவும் என்ன குளிசை, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்றெல்லாம் மனப்பாடம் செய்துகொண்ட மனிதர் இதையும் அதோடு சேர்த்துக்கொண்டார்.

அடுத்த நாள் உம்மாவின் தம்பி பஸ்லியைக் கடைக்குப் பின்னால் கூப்பிட்டார். பஸ்லி மாமா சந்தியில் த்ரீவீல் ஓடுகிறவர். ஊரில் எந்தக் கல்யாண வீட்டிலும் ஆண்கள் பக்கம் எங்கே சிரிப்புக் கேட்கிறதோ அங்கே அவர் இருப்பார். மச்சான் கூப்பிடுகிறார் என்றதும் ஏதோ பிழை நடந்துவிட்டது என்று பயந்துபோய் வந்தாராம்.

"சிரிக்கிற கதை ஒண்டு தா," என்றாராம் வாப்பா, மிளகுச் சாக்குகளுக்கு நடுவில் நின்றபடி.

"என்னத்துக்கு மச்சான்?"

"உன்ட தாத்தாக்கு." பஸ்லி மாமா தன் அக்காவை அப்படித்தான் அழைப்பார். "ஆஸ்பத்திரியில சொல்லிக் குடுக்கணும்."

பஸ்லி மாமா ஒரு கதையைச் சொன்னார். வாப்பா சிரிக்கவில்லை. "திருப்பிச் சொல்லு," என்றார். மூன்றாம் தரம் சொன்ன பிறகு, "கடைசி வரி வரும் வரைக்கும் ஒண்டும் காட்டிக்கொள்ளப்படாது மச்சான். முகத்தச் சும்மா வெச்சுக்கொள்ளுங்க," என்று பாடம் வேறு.

"முகம் எனக்கு எப்பவும் சும்மாதான் ஈக்கி," என்றாராம் வாப்பா.

இரண்டாம் தடவை மருந்து ஏத்தப் போனபோது றுக்ஸானாவும் கூடப் போயிருந்தாள். மாத்தளையில் ஒரு பாடசாலையில் படிப்பிக்கிறவள், லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். ஊசி ஏறியதும் உம்மாவின் கால் பழையபடி நடுங்கியது. வாப்பா தொப்பியைக் கழற்றினார். தொண்டையைச் செருமினார்.

"ஒரு ஆள் பஸ்ஸுல ஒரு ஆட்டக் கொண்டு போறான். அது கொண்டக்டர்ட ஆடு."

நிறுத்தினார். முகம் மாறியது.

"இல்ல. அத கடைசியில சொல்லணும்."

உம்மா அவரைப் பார்த்தாள். வாப்பா மறுபடியும் தொடங்கினார். "ஒரு ஆள் பஸ்ஸுல போறான். ஆடு ஒண்டு ஈக்கி. கொண்டக்டர் வந்து, ஆட்டுக்கும் டிக்கட் எடு எண்டு சொல்றான். இவன் சொல்றான், இது உங்கட… இல்ல, அதுக்கு முன்னால சண்டை ஒண்டு வரணும்."

முதலில் உம்மாவின் தோள்கள் குலுங்கின. அழுகிறாள் என்றுதான் றுக்ஸானா நினைத்தாள். பிறகு சத்தம் வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, ஊசி குத்தியிருந்த கையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு உம்மா சிரித்தாள். சேலைன் போத்தல் ஆடியது. மிஸ் ஓடி வந்தார். பக்கத்துக் கதிரையில் மருந்து ஏறிக்கொண்டிருந்த சீகிரியாப் பக்கத்துச் சிங்களப் பெண், என்ன கதை என்று கேட்டாள். றுக்ஸானா சிங்களத்தில் சொன்னாள், வாப்பா சொன்ன ஒழுங்கிலேயே. அந்தப் பெண்ணும் சிரிக்கத் தொடங்கினாள். வாப்பா மட்டும் நடுவில் சிவந்துபோய், "இன்னும் முடியல்ல," என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

கால் நடுக்கம் எப்போது நின்றது என்று யாரும் கவனிக்கவில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு பயணத்துக்கும் ஒரு பகிடி. வாப்பா ஒன்றையும் சரியாகச் சொன்னதில்லை. குடை திருத்துகிறவனின் கதையில், மழை என்பதால் அவன் கடைக்கு வரவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுவார். பிறகு, குடை உடைந்தவன் எதற்காகக் கதவைத் தட்டுகிறான் என்று அவருக்கே குழப்பம் வந்துவிடும். சீகிரியாப் பெண் தன்னுடைய நாளை மாற்றிக்கொண்டு இவர்கள் வருகிற நாளிலேயே வரத் தொடங்கினாள்.

அவராகச் சொன்ன முதல் பகிடி வேறு. உம்மாவின் முடி கொத்துக் கொத்தாகத் தலையணையில் விழுந்த காலை. உம்மா கண்ணாடிக்கு முன் நின்று, "வெளியில போனா முக்காடு ஈக்கி, ஒருத்தருக்கும் தெரியா. ஊட்டுல நீங்கதான் இத பாத்துக்கொண்டு ஈக்க வேணும்," என்றாள். குரல் உடைந்திருந்தது. வாப்பா பின்னால் நின்று தன் வழுக்கைத் தலையையும் கண்ணாடியில் பார்த்தார்.

"இவ்வளவு காலம் நீ பாத்தாய் தானே," என்றார்.

உம்மா கண்ணாடியிலேயே அவரைப் பார்த்தாள். "இது பஸ்லி சொல்லித் தந்ததா?"

"இல்ல."

"அதுதான் நல்லா ஈக்கி."

அன்றிலிருந்து வாப்பாவுக்குத் துணிவு வந்துவிட்டது. கடையில் பேசுகிற மொழியையே வீட்டுக்குக் கொண்டுவந்தார். குளிசைகளை உள்ளங்கையில் கொட்டிப் பார்த்து, "இது ரெண்டாந்தரம், தூசி கூட," என்பார். உம்மா பேசினில் வாந்தி எடுத்து ஓய்ந்து நிமிரும்போது பேசினைப் பிடித்துக்கொண்டிருப்பவர், "நேத்தைய விட நிறை குறைவு. முன்னேற்றம்," என்பார். உம்மா வாயைத் துடைத்தபடி கையால் அவரைத் தள்ளுவாள். அழுதிருந்தால், முகத்தைப் பார்த்து, "ஈரம்," என்று மட்டும் சொல்வார். அது அவர்கள் இருவருக்குள் ஒரு பாஷையாகிவிட்டது. ஸ்கேன் முடிந்து வெளியே வரும்போது வாப்பா புருவத்தை உயர்த்துவார். "காஞ்சிரிக்கி," என்பாள் உம்மா. சில நாள், "கொஞ்சம் ஈரம்."

ஒருநாள் பக்கத்துக் கதிரையில் வேறு யாரோ இருந்தார்கள். சீகிரியாப் பெண்ணைக் காணவில்லை. வாப்பா மிஸ்ஸைப் பார்த்தார். மிஸ் தலையை அசைத்தார். வாப்பா உட்கார்ந்தார். தொப்பியைக் கழற்றவில்லை. மருந்து சொட்டுச் சொட்டாக இறங்கி முடியும் வரை உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தார்.

"இன்டைக்கு ஒண்டும் இல்லையா?" என்றாள் உம்மா, புறப்படுகிற நேரத்தில்.

"இன்டைக்கு எனக்கு ஈரம்," என்றார் வாப்பா.

அன்று இரவுச் சாப்பாட்டுக்குப் பின் உம்மாவின் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தபோது றுக்ஸானா கேட்டாள், "உம்மா, உண்மையச் சொல்லுங்க. வாப்பாட பகிடிக்கு மெய்யாவே சிரிப்பு வருதா? இல்லாட்டி அவருக்காகச் சிரிக்கிறீங்களா?"

உம்மா வாசல் பக்கம் பார்த்து, வாப்பா இல்லை என்று உறுதிப்படுத்திக்கொண்டாள்.

"அதெல்லாம் எனக்குத் தெரிஞ்ச கதை மகள். பஸ்லி சின்னதுல எங்களுக்குச் சொன்னதுதானே. அந்த ஆட்டுக் கதைய நான் நூறு தரம் கேட்டிருப்பேன்."

"அப்ப?"

"கதைக்கா சிரிக்கிற? அந்த மனிசன் அத தூக்கிக்கொண்டு வாரதப் பாரு. முட்டையக் கையில வெச்சுக்கொண்டு மேட்டுல ஏறுற மாதிரி." உம்மா மறுபடியும் சிரித்தாள். "கல்யாணம் முடிச்ச நாளிலேருந்து இவருக்கு என்னோட கதைக்க ஒண்டும் இல்லையெண்டுதான் நினைச்சேன். பாத்தா இவ்வளவு ஈந்தீக்கி."

*

நோய் எலும்புக்குப் போய், பிறகு ஈரலுக்கும் போனது. இன்னொரு மருந்து இருக்கிறது, ஏற்றிப் பார்க்கலாம், பெரிதாக நம்பிக்கை வைக்க வேண்டாம் என்று டொக்டர் சொன்னார். திரும்பி வரும்போது பஸ்லி மாமாவின் த்ரீவீல் கட்டுகஸ்தோட்டைப் பாலத்தைத் தாண்டியது.

"நான் இனி கண்டிக்கு வரல்ல," என்றாள் உம்மா.

பஸ்லி மாமா வேகத்தைக் குறைத்தார். வாப்பா வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்கட பகிடியெல்லாம் முடியிற நேரத்துல நிப்பாட்டிடணும்," என்றாள் உம்மா. "இல்லாட்டி பஸ்லிட மூணாந்தரச் சாமான கொண்டு வந்து இறக்குவீங்க."

வாப்பா சிரிக்கவில்லை. தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவினார். "உனக்குக் களைப்பா நூரு?"

"ஓம். சரியான களைப்பு."

அவ்வளவு காலமும் உம்மா கேட்ட எதற்கும் "பாப்பம்" என்றே சொல்லிப் பழகிய மனிதர், "சரி," என்றார்.

அன்றிரவே இப்திகார் தான் வேலை செய்யும் டோஹாவிலிருந்து போன் எடுத்தான். சென்னைக்குக் கொண்டுபோக வேண்டும், தான் எல்லா ஒழுங்கும் செய்வதாகச் சொன்னான். வாப்பா பொறுமையாகக் கேட்டார். போன் சத்தமாக இருந்ததால் றுக்ஸானாவுக்கும் கேட்டது.

"நீங்க பயந்துட்டீங்க வாப்பா. அதுதான் விடுறீங்க."

"பயந்துதான் ஈக்கிறேன் மகன்," என்றார் வாப்பா. "பயமில்லாம என்ன. ஆனா இது உம்மா சொன்னது. நாங்க மூணு பேரும் இவ்வளவு காலம் அவ சமைச்சதத் திண்டுட்டு, உனக்கென்ன வேணுமெண்டு கேக்காம எழும்பிப் போனவங்க. இப்ப அவ ஒண்டு கேட்டீக்கிறா. அதுக்கு நான் குறுக்க நிக்க மாட்டேன். நீயும் நிக்காத."

வாப்பா இவ்வளவு நீளமாகப் பேசி றுக்ஸானா கேட்டதில்லை.

பிறகு கிடைத்த மாதங்கள் அந்த வீட்டில் நல்ல மாதங்களாகத்தான் இருந்தன. வாப்பா மத்தியானத்தோடு கடையைப் பூட்டிவிட்டு வந்து குசினிக்குள் நுழைந்தார். பருப்பை அடிபிடிக்க வைத்தார். கட்டிலில் இருந்தபடி உம்மா ஒரு கரண்டி வாயில் வைத்து, அவர் மிளகைக் கடிப்பது போலவே கண்ணை மூடி யோசித்து, "கழிவு," என்பாள். மறுநாள் அவர் இன்னும் கவனமாகச் சமைப்பார். ஒருநாள் மட்டும், பூசணிக்காய்க் கறிக்கு, "முதலாந்தரம்," என்று சொன்னாள். வாப்பா அதைச் சந்தி வரை போய் பஸ்லி மாமாவிடம் சொல்லிவிட்டு வந்தார்.

*

"லக்கலயில ஒரு ஆள் சேனைப் பயிருக்குக் காவல் நிக்கிறான்," என்றார் வாப்பா.

அவர் குரல் தணிந்திருந்தது. அவசரமில்லை. நேற்று முழுக்கப் பின்வளவில் நடந்துகொண்டே உதடுகள் அசைய எதையோ சொல்லிப் பார்த்தது இதுதான் என்று றுக்ஸானாவுக்கு இப்போது விளங்கியது. அவர் ஓதுகிறார் என்று நினைத்திருந்தாள்.

"ஆனை ஒண்டு வந்துட்டு. கிட்ட. ஓட வழியில்ல. பொண்சாதிக்குப் போன் எடுக்கிறான். 'ஆனை வந்தீக்கி, நான் என்ன செய்ய?' அவ கேக்கிறா, 'எந்தப் பக்கம் பாத்து நிக்கிது?' 'என்னத்தான் பாத்துக்கொண்டு நிக்கிது.'"

நிறுத்தினார். சரியான இடத்தில், சரியான அளவுக்கு நிறுத்தினார்.

"அவ சொல்றா, 'அப்ப தலையக் குனிஞ்சுகொண்டு, வாயத் திறக்காம, அசையாம நில்லுங்க. என்ட உம்மாக்கு முன்னால நிக்கிற மாதிரி.'"

முதல் தடவையாக வாப்பா ஒரு பகிடியைப் பிழையில்லாமல் சொல்லி முடித்திருந்தார். வாசலில் நின்ற பஸ்லி மாமா கண்களைத் துடைத்துக்கொண்டே தலையை ஆட்டினார். றுக்ஸானா உம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

உம்மாவின் உதடுகள் அசைந்தன. வாப்பா காதைக் கொண்டுபோய் வைத்தார்.

"என்ன சொல்றாங்க வாப்பா?"

வாப்பா நிமிர்ந்தார். "இப்படி வேணாமாம்," என்றார். "சரியா சொல்லிட்டேனாம்."

பிறகு உம்மாவின் கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டார். தொண்டையைச் செருமினார்.

"ஒரு ஆள் மாமியாருக்கு முன்னால நிக்கிற மாதிரி ஆனைக்கு முன்னால நிண்டான்," என்று தொடங்கினார். "இல்ல. அத கடைசியில சொல்லணும். லக்கலயில ஒரு ஆனை… ஆனைட பொண்சாதி போன் எடுக்கிறா…"

உம்மாவின் வாயோரம் மேலே இழுபட்டது. மூச்சு ஒன்று சத்தத்தோடு வெளியே வந்தது. அது சிரிப்புத்தான் என்று றுக்ஸானா எல்லோரிடமும் சொன்னாள், பிற்பாடு.

அதற்குப் பிறகு உம்மா பேசவில்லை. பஸ்லி மாமா யாசீன் ஓதினார். வாப்பா காதோரம் குனிந்து கலிமாவைச் சொல்லிக்கொடுத்தபடி இருந்தார். அதில் ஒரு எழுத்தும் பிசகவில்லை. வெயில் ஏறி, புகார் முழுக்கக் கலைந்த நேரம். ஒரு மூச்சுக்குப் பிறகு எல்லோரும் காத்திருந்தார்கள். அடுத்தது வரவில்லை. வாப்பாதான் முதலில் கையை நீட்டிக் கண்களை மூடிவிட்டார்.

*

பள்ளிவாசல் ஸ்பீக்கரில் மௌத்து அறிவித்தல் போன சிறிது நேரத்திலேயே வீடு நிறைந்தது. அசர் தொழுகைக்குப் பின் அடக்கம் என்று பேசினார்கள். அப்போதுதான் இப்திகாரின் போன் வந்தது. பிளேன் டிக்கட் எடுத்துவிட்டேன், நாளைக் காலையில் வந்துவிடுவேன், நான் முகம் பார்க்கும் வரை உம்மாவை வைத்திருக்க வேண்டும் என்றான். சொல்லும்போதே கத்தினான். பெரியவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆஸ்பத்திரியில் ஒரு இரவுக்கு வைக்கலாம் என்று யாரோ சொன்னார்கள். கூடாது என்று இன்னொருவர் சொன்னார். எல்லோரும் மர்சூக் ஹாஜியாரைப் பார்த்தார்கள்.

வாப்பா போனை வாங்கிக்கொண்டு குசினிக்குள் போனார். றுக்ஸானா அங்கே உம்மாவைக் குளிப்பாட்டத் தண்ணீர் சுட வைத்துக்கொண்டிருந்தாள். அதில் இலந்தை இலைகள் மிதந்தன.

"மகன்," என்றார். "அழு. அழுதுட்டுக் கேளு."

காத்திருந்தார்.

"உம்மா முந்தியே சொல்லிட்டா. என்ன ஐஸ்பெட்டியில போட்டு வெச்சிடாதீங்க எண்டு. குளிர் அவக்கு ஆகாது தானே. மார்கழியில அந்தப் பச்ச ஸ்வெட்டரப் போட்டுக்கொண்டு, அதுக்கு மேல என்ட கோட்டையும் போட்டுக்கொண்டு, சாக்கு மூட்டை மாதிரி இந்த அடுப்படியில நிப்பாளே. நினைவீக்கா?"

போனிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகையின் நடுவில் மூக்கால் வெளியேறிய சிரிப்பு. பிறகு மறுபடி அழுகை. இந்த முறை அதில் கோபம் இல்லை.

"நீ வா. நீ ரயிலால இறங்கிற நேரம் நான் ஸ்டேஷனுக்கு வாரேன். அங்கேருந்து நேரா மையவாடிக்குப் போவோம், நீயும் நானும். உம்மாக்குச் சலாம் சொல்லிட்டு ஊட்டுக்கு வருவோம்."

போனை வைத்ததும் வாப்பா குசினிச் சுவரில் கையை ஊன்றிக்கொண்டு நின்றார். றுக்ஸானா அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் முகத்தைக் கழுவிக்கொண்டு முன்பக்கம் போனார்.

உம்மாவைக் குளிப்பாட்ட வாப்பாவின் தங்கை நிஷ்மியா மாமியும் றுக்ஸானாவும் இன்னும் இரண்டு பெண்களும் இருந்தார்கள். துணிக்கு அடியில் கைவிட்டு, வெட்டுத் தழும்பின் மேல் மாமி தண்ணீரை மெல்ல ஊற்றினார். கடைசியில் தலைக்கு வந்தபோது, பெண் மய்யித்துக்கு வழக்கம்போல முடியை மூன்று பின்னலாகப் பிரிக்க மாமியின் விரல்கள் தாமாகவே போயின. அங்கே பின்ன ஒன்றும் இல்லை. மருந்தை நிறுத்திய பிறகு முளைத்த முடி, விரல்நுனி அளவு, பிறந்த பிள்ளையின் தலை போல மெத்தென்று இருந்தது. மாமியின் கை அதன்மேல் அப்படியே நின்றது. றுக்ஸானா குவளையைச் சரித்தாள். கற்பூர வாசனையோடு தண்ணீர் அந்த முடியை ஒருபக்கமாகச் சாய்த்துக்கொண்டு ஓடியது.

வெள்ளைக் கபன் இட்டு, முகம் மட்டும் திறந்து வைத்தார்கள். வாப்பா வந்தார். ஹோலில் இருந்த நெருங்கிய உறவு ஆண்களும் அவர் பின்னால் வந்து நின்றார்கள். அவர் தொப்பியைக் கழற்றினார். தொண்டையைச் செருமினார்.

பஸ்லி மாமா தலையைக் குனிந்துகொண்டார்.

வாப்பா ஒன்றும் சொல்லவில்லை. நீண்ட நேரம் பார்த்தார். உம்மாவின் நெற்றியோரம் கபன் துணி மடிந்திருந்த இடத்தை ஒரு விரலால் நீவிச் சரிசெய்தார். பிறகு தொப்பியைப் போட்டுக்கொண்டு, முகத்தை மூடும்படி தங்கைக்குச் சைகை காட்டினார்.

உம்மாவை வைத்த சந்தூக்கின் முன்பக்கத்தை அவரே தோளில் எடுத்தார். வயதைச் சொல்லி மாற்ற வந்தவர்களை அவர் பார்க்கவில்லை. பெண்கள் ஜன்னலோரம் நின்றார்கள். றோட்டில் ஒரு லொறி எஞ்சினை நிறுத்திவிட்டு ஒதுங்கி நின்றது. சாரதி இறங்கி, தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டான். கலிமாச் சத்தம் வளைவைத் தாண்டித் தேய்ந்த பிறகும் றுக்ஸானா ஜன்னல் கம்பியை விடவில்லை.

மஃரிபுத் தொழுகைக்குப் பிறகு ஆண்கள் திரும்பினார்கள். வந்தவர்கள் கொஞ்சம் கொஞ்சமாகப் போனார்கள். பக்கத்துச் சிங்கள வீட்டிலிருந்து சோறும் பருப்பும் வந்திருந்தன. நிஷ்மியா மாமி எல்லோருக்கும் போட்டார். வாப்பா சாப்பிட்டார். தட்டைத் தானே கழுவி வைத்தார். கட்டிலை யாரோ மடித்து எடுத்துப் போயிருந்தார்கள். ஹோல் பெரிதாகத் தெரிந்தது.

"மாமி இன்டைக்கு இங்கதான் நிக்கிறாங்க," என்றாள் றுக்ஸானா. "விரிப்பும் தலகாணி உறையும் எடுக்கணும்." எழும்பப் போனாள்.

"நீ இரி," என்றார் வாப்பா. "நான் எடுக்கிறேன்."

"உங்களுக்குத் தெரியா எங்க ஈக்கி எண்டு."

"தேடுறேன்."

அவர் உள்ளே போனார். அறையில் லைட் எரிந்தது. அலுமாரிக் கதவு ஒன்று திறந்து மூடுகிற சத்தம் கேட்டது. பிறகு லாச்சி ஒன்று இழுபடுகிற சத்தம். பிறகு அடுத்த கதவு. அதுவும் மூடியது.

இன்னொரு கதவு திறந்தது, உம்மாவின் உடுப்புகளும் அந்தப் பச்சை ஸ்வெட்டரும் இருக்கிற பக்கம். மாமியும் றுக்ஸானாவும் பேச்சை நிறுத்தினார்கள். மூடுகிற சத்தம் வரவில்லை. வெளியே வளவில் பூச்சிகள் கத்தத் தொடங்கியிருந்தன. மாமி எழும்பினார். றுக்ஸானா அவருடைய கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.